அம்மா தோய்ந்த ரோமர் குளம்

ஒஸ்லோவின் புறநகரான மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுக் குழாய்களைத் திருத்திவிட்டுப் போனார்கள். குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்தேன். இரும்பு மணம் முகத்தில் அடித்தது. அந்த மணத்தில் நான் மறுபடியும் பத்து வயதுப் பிள்ளையாகிவிட்டேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். கோடை விடுமுறைக்கு ஒஸ்லோவிலிருந்து லண்டன் சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். ஒருநாள் சித்தி எங்களை பாத் நகருக்குக் கூட்டிப்போனார். ரோமர் கட்டிய வெந்நீர்க் குளம் என்றதுமே அம்மா தலை துவட்டத் துவாய்களையும் மாற்றுடுப்பையும் சவர்க்காரத்தையும் பையில் அடுக்கிவிட்டார். குளமென்றால் அவருக்கு யாழ்ப்பாணத்தில் இறங்கிக் குளித்த கீரிமலைக் கேணிதான்.

பச்சைத் தண்ணீரில் ஆவி பறந்தது. அருகே, தொடக்கூடாது என்று எழுதியிருந்தது.

"அக்கா, இது பாக்கிற இடம். குளிக்க விடமாட்டினம்," என்று சித்தி சிரித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

வெளியே போகும் வழியில் ஒரு கிழவர் அதே நீரைக் குடித்துப்பார்க்கக் குவளையில் கொடுத்தார். வெதுவெதுப்பாக, இரும்பு மணத்தது; நாங்கள் ஒரு மிடறோடு முகம் சுளித்தோம். அம்மா கொண்டையை அவிழ்த்தார். குவளையைத் தன் தலையில் கவிழ்த்தார். கிழவர் வாய் பிளந்தார்; பிறகு உரக்கச் சிரித்து, இன்னொரு குவளை நிரப்பி நீட்டினார். அதை அம்மா வாங்கி என் தலையில் கவிழ்த்தார்.

"தலை நனைஞ்சால் தோய்ஞ்ச மாதிரித்தான்," என்றார் அம்மா, சித்தியைப் பார்த்து. "பிள்ளை, துவாயை எடு."

இப்போது குழாயில் வந்த அந்தச் சுடுதண்ணீரை இரு கையாலும் அள்ளி, உடுப்போடேயே தலையில் ஊற்றிக்கொண்டேன். ஈரம் சொட்டச் சொட்ட அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"துவாய் எடுத்தனியோ?" என்று மட்டும் கேட்டார்.