நிவேரா என்ற பெயர் வந்த வழி

அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது அக்காவின் குசினியில். அவளுக்குப் பெண் பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. திருகோணமலை அன்புவழிபுரத்து வீட்டில் உறவுக்காரர் நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பிள்ளைக்கு என்ன பெயர் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோம். அக்காவின் புருசன், என் அத்தான், அதுவரை வாயே திறக்கவில்லை. கதை முற்றி வந்த நேரத்தில் கதிரையைத் தள்ளி எழுந்து, “பேர் நிவேரா. அதை மாத்த ஏலாது” என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். பிறகு எல்லோரும் கைப்பேசியை எடுத்தார்கள்.

இக்காலத்தில் ஒரு பெயருக்கு அர்த்தம் தேடுவது போல லேசான வேலை இல்லை, அதை நம்புவது போல முட்டாள்தனமும் இல்லை. ஒரு தளம் அது லத்தீன் சொல், ‘பனி’ என்று பொருள் என்றது. இன்னொன்று அரபு, ‘பரிசு’ என்றது. மூன்றாவது சமஸ்கிருதம் என்று அடித்துச் சொல்லி, இந்தப் பெயருடையவர்கள் இளகிய மனமும் பிடிவாதமும் உள்ளவர்கள், இவர்களுக்கு நீல நிறம் ராசி என்று கூடுதலாக அளந்துவிட்டது. ‘மிக அரிய பெயர்’ என்பதில் மட்டும் மூன்றும் ஒத்துப்போயின. அந்த ஒன்றும் இன்று பொய்யாகிவிட்டது. எங்கள் பிள்ளை போகும் பாலர் பாடசாலையில் இப்போது அவளையும் சேர்த்து மூன்று நிவேராக்கள் இருக்கிறார்கள். பெயரும் கறிவேப்பிலைக் கன்றும் ஒன்றுதான். ஒரு வீட்டில் வேர்விட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கேளாமலே பிடுங்கிக்கொண்டு போய் நட்டுவிடுவார்கள். அந்தத் தாய்மாரும் அதே தளங்களைப் பார்த்துத்தான் பனி என்றும் பரிசு என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். நான் திருத்தப் போவதில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதை யாராவது எழுதி வைக்கத்தான் வேண்டும்.

நிவேரா ஒரு கப்பலின் பெயர். அத்தானும் அவருடைய அண்ணனும் நிலாவெளியிலிருந்து ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். அக்கா பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது ஒரு நாள் படகின் எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோனது. காற்று அவர்களைக் கிழக்கே இழுத்துக்கொண்டே போனது. கொண்டுபோன தண்ணீர் முடிந்த பிறகு அத்தான் அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி வைத்தார். தங்களை ஏற்றுகிற கப்பலுக்கு என்ன பெயரோ, அதையே பிறக்கப் போகிற பிள்ளைக்கு வைப்பதாக. உயிர் போகிற நேரத்தில் வாயில் வந்த நேர்த்திதான். ஆனால் எங்கள் கரையோரத்தில் கடலில் வைத்த நேர்த்தியைக் கரைக்கு வந்து மறந்தவர்கள் இல்லை. அந்தத் துணிவு யாருக்கும் கிடையாது. கடைசியில் ஒரு சரக்குக் கப்பல் வந்தது. அது திருகோணமலைத் துறைமுகத்துக்கு வெளியே நிற்க, கடற்படைப் படகொன்று போய் இருவரையும் இறக்கிக்கொண்டு வந்தது. அத்தானைக் கைத்தாங்கலாக நடத்தி வந்தார்கள். அண்ணனைப் போர்வையால் மூடித் தூக்கி வந்தார்கள்.

அந்த அண்ணனின் மனைவியைப் பிள்ளையின் முறை வைத்துப் பெரியம்மா என்றே சொல்கிறேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தக் கடைசிப் பயணத்துக்கு முன்னால் அந்த அண்ணன், பிள்ளைக்குப் பெரியப்பா, அக்காவிடம், “பிறக்கிற பிள்ளைக்கு இவதான் ஞானத்தாய், வேற ஆரையும் கேட்டுப் போடாதையுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். செத்தவர் கேட்டுப் போனது. அதையும் மாற்ற முடியாது. எங்கள் கோயிலில் ஞானஸ்நானத்தின்போது பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்பது ஞானத்தாய். என்ன பெயர் என்று பாதர் கேட்கும்போது வாய் திறந்து பதில் சொல்ல வேண்டியதும் அவள்தான். தன் புருசனை உயிரோடு கொண்டுவந்து சேர்க்காத கப்பலின் பெயரை அந்த மனுசி தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அதுவும் அது கப்பலின் பெயர் என்று தெரியாமல். கரையில் நின்ற அவளுக்குத் தூரத்தில் ஒரு சிவப்புக் கப்பல் தெரிந்ததே தவிர, அதன் பெயரை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அத்தானோடு தொழில் செய்கிறவர்களுக்கு அது தெரியும். ஞானஸ்நானச் சாப்பாட்டுக்கு அவர்களும் வருவார்கள். ஒருவன் பந்தியில் இருந்துகொண்டு, ‘கப்பலின்ர பேரையே வைச்சிட்டாய்’ என்று ஒரு சொல் விட்டால் போதும். அக்கா அந்தக் கிழமை முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அழுதாள். ஞானஸ்நானத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை, அத்தானைப் பிடித்து நிறுத்தி, “இண்டைக்கு நீங்கள் போய்ச் சொல்லாட்டி நாளைக்கு நான் பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுவர மாட்டன்” என்று சொல்லிவிட்டாள். தனியே போக அத்தானுக்குத் துணிவில்லை. ஓர்ஸ் ஹில்லில் என் அலுவலகம் அரை நாளோடு முடிந்ததும் அவர் வாசலில் நின்றார். நிலாவெளி பஸ்ஸில் இருவரும் போனோம். கடலில் செத்துப் பிழைத்த மனுசன் பஸ்ஸில் முன் இருக்கைக் கம்பியை விடாமல் பிடித்திருந்தார். எனக்கு அவர் மேல் இரக்கமும் வந்தது, கோபமும் வந்தது.

பெரியம்மா எங்களைக் கண்டதும் உள்ளே போய், பிள்ளைக்குத் தான் தைத்த வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். ஞானத்தாய் சட்டை கொண்டுவருவதுதான் வழக்கம். கடையில் வாங்கியிருக்கலாம், ஆனால் அவள் கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் பூ வேலை செய்து தைத்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு அத்தான் எப்படித்தான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நின்றபடியே சொன்னார். “அண்ணி, நிவேரா எண்டது எங்களை ஏத்தின கப்பல்.”

பெரியம்மா சட்டையை மடித்து மடியில் வைத்தாள். “அந்தப் பேர் உங்களுக்கு எப்பிடித் தெரியும்? உங்களுக்கு இங்கிலீசு எழுத்து வாசிக்கத் தெரியாதே” என்றாள்.

அந்தக் கேள்வியை நாங்கள் இருவரும் எதிர்பார்க்கவில்லை. கப்பல் வருவதற்கு முதல் நாளே அண்ணன் நித்திரையில் போய்விட்டார், அது வந்ததை அவர் அறியவே இல்லை என்றுதான் செத்த வீட்டில் அத்தான் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டார். “அண்ணன்தான் வாசிச்சவர்” என்றார். “அது கிட்ட வரேக்க உயிரோடதான் இருந்தவர், அண்ணி. பேரை வாசிச்சவர். அவங்கள் ஏணி இறக்க முதல் சரிஞ்சு போனவர்.”

“ஏன் எனக்குப் பொய் சொன்னனீங்கள்?”

“உங்களுக்குத் தாங்க ஏலாது எண்டு நினைச்சனான்.”

“ஏலுமோ ஏலாதோ எண்டு நான்தானே சொல்லோணும்” என்றாள் பெரியம்மா. குரலை உயர்த்தவே இல்லை. சட்டையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவுக்குக் கொண்டி போட்டுக்கொண்டாள். நாங்கள் கூப்பிட்டுப் பார்த்தோம், கதவைத் தட்டியும் பார்த்தோம். அவள் திறக்கவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமானதும் வேறு வழியில்லாமல் திரும்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தும் பெரியம்மாவைக் காணவில்லை. அக்கா பிள்ளையை வீட்டில் போடும் சட்டையோடேயே ஏந்திக்கொண்டு, கோயில் வாசலை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள். உறவுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வேறு ஒரு ஞானத்தாயை நிறுத்தலாமே என்று ஒரு மாமி காதுக்குள் சொன்னாள். நல்ல காலம், அத்தானுக்குக் கேட்கவில்லை. அவருடைய கூட்டாளிகளோ வெளியே மர நிழலில் நின்று சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பாதர் வேறொரு கோயிலுக்குப் பூசைக்குப் போக வேண்டியவர், இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். இந்தக் குடும்பம் இன்றோடு இரண்டாக உடையப் போகிறது, பிள்ளையின் பெயரே அதற்குக் காரணமாகப் போகிறது என்று நான் நிச்சயமாக நினைத்தேன். பெரியம்மாவை நினைத்தால் அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது.

அப்போது ஒரு ஓட்டோ வந்து நின்றது. பெரியம்மா கறுப்புச் சேலையோடு இறங்கினாள். முகம் அழுது வீங்கியிருந்தது. ஒருவரோடும் பேசாமல் அக்காவிடமிருந்து பிள்ளையை வாங்கி, மர வாங்கில் கிடத்தி, வெள்ளைச் சட்டையைப் போட்டு, கழுத்து இறுக்காமல் பார்த்துப் பார்த்துப் பொத்தான் பூட்டினாள். தூக்கிக்கொண்டு ஞானஸ்நானத் தொட்டியடிக்கு நடந்தாள். அத்தானைத் தாண்டும்போது மட்டும் நின்றாள்.

“அவர் அந்தப் பேரை எப்பிடிச் சொன்னவர்?”

“கத்தினவர், அண்ணி” என்றார் அத்தான். “இருக்கவே ஏலாமல் கிடந்த மனுசன். எழும்பி நிண்டு கத்தினவர்.”

பெரியம்மா தலையை ஆட்டினாள். பாதர் புத்தகத்தை விரித்தார். இந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள் என்று கேட்டார். அவள் பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். பாதர் இன்னும் மெதுவாக இன்னொரு தரம் கேட்டார். பெரியம்மா மூச்சை இழுத்து, முகத்தை உயர்த்தி, கோயில் முழுவதும் அதிரும்படி கத்தினாள்.

“நிவேரா!”

தூரத்தில் போகிற ஒன்றை எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்று கத்துகிற சத்தம் அது. பாதர் ஒரு அடி பின்னால் போனார். வெளியே சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று அடங்கிப்போனார்கள். அந்தக் கப்பலின் பெயரை அறிந்தவர்கள் அவர்கள். அத்தான் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பிள்ளை திடுக்கிட்டு வீறிட்டு அழத் தொடங்கியது.

பெரியம்மா அவளை நெஞ்சோடு அணைத்து, முதுகைத் தடவினாள்.

“பயப்பிடாதை குஞ்சு. பெரியப்பா கூப்பிட்டவர்” என்றாள்.

பிள்ளையின் அழுகை அடங்கும்வரை பாதர் காத்துநின்றார். அதன் பிறகுதான் தண்ணீரை வார்த்தார்.