துண்டு போட்டு மூடிய சிவப்பு விளக்கு

தொண்ணூறுகளின் நடுவில், முக்கூடலில் இருந்து பாளையங்கோட்டைக்குப் போகிற வழியில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி முக்கூடலுக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கணவருக்குச் சென்னையில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். வீட்டில் மாமியார், கணவரின் அண்ணன் குடும்பம், அப்புறம் நான்.

நான் கணக்குப் பாடத்தில் பட்டம் வாங்கி, பி.எட். முடித்தவள். கல்யாணத்துக்கு முன்பே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருந்தேன். பதிவு மூப்புப்படி ஆளைக் கூப்பிட்ட காலம் அது. காத்திருந்து காத்திருந்து நம்பிக்கையே விட்டுப்போன நேரத்தில், அரசுப் பள்ளி ஆசிரியை வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. காலை பத்து மணிக்குப் பாளையங்கோட்டையில் இருக்க வேண்டும். வராதவர்களுக்கு மறுவாய்ப்பு கிடையாது என்று அதிலேயே அச்சடித்திருந்தார்கள். எனக்கோ வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. இதை விட்டால் ஆயுசுக்கும் டீச்சர் ஆக முடியாது.

காலை முதல் பஸ்ஸிலேயே போய்விடுகிறேன் என்றேன். மாமியார் கேட்கவில்லை. வாசலில் காரை வைத்துக்கொண்டு நம் வீட்டு மருமகள் பஸ்ஸுக்கு நின்றால் ஊரில் என்ன பேசுவார்கள் என்றார். கணவரின் அண்ணன், நான் முறைக்கு அத்தான் என்று சொல்ல வேண்டியவர், அப்போதுதான் ஒரு பழைய காரை வாங்கியிருந்தார். காலையில் எழுந்ததும் அதைத் துடைப்பதுதான் அவருக்கு முதல் வேலை. கண்ணாடியைத் துடைப்பார், டயரைக் கழுவுவார். பானெட்டைத் திறந்து எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்து நான் கண்டதில்லை.

எங்கள் குடும்பத்து வழக்கம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தம்பி மனைவி, கணவனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேச மாட்டாள். காப்பி ஆறுகிறது என்பதைக்கூட நான் மாமியாரிடம் சொல்ல, அவர் மகனிடம் சொல்வார். அத்தான் என்னிடம் சொல்ல நினைப்பதும் அதே பாதையில்தான் வரும். இதற்கு மரியாதை என்று பெயர். அன்றைக்கு வரை நானும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் புறப்பட்டோம். பின் ஸீட்டில் நானும் மாமியாரும். ஊர் எல்லை தாண்டியதுமே ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு விளக்கு மினுக்கியதைப் பார்த்தேன். வளைவில் எரிந்தது, நேர் ரோட்டில் அணைந்தது. கொஞ்ச தூரம் போனதும் அணையவே இல்லை. நீண்ட மூக்கு வைத்த எண்ணெய்க் கிண்டி மாதிரி ஒரு படம், அதன் நுனியில் ஒரு சொட்டு. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்க வேண்டும் என்பதற்கு ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லையே.

எண்ணெய் இல்லை போல, சிவப்பு விளக்கு எரிகிறது என்று மாமியாரின் காதோரம் சொன்னேன். நல்ல காரியத்துக்குப் புறப்பட்ட வழியில் அபசகுனமாகப் பேசாதே என்று என் தொடையைக் கிள்ளினார். நான் விடவில்லை. கடைசியில் வேண்டா வெறுப்பாக, "ஏலே, அங்கன ஏதோ லைட்டு எரியுதாம். இவ சொல்லுதா" என்றார். எண்ணெய் என்ற வார்த்தையை அவர் சொல்லவே இல்லை.

அத்தான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "லைட்டு எரிஞ்சா நல்லதுதானம்மா. போன வாரந்தான் புது பேட்டரி போட்டிருக்கு. எரியாம இருந்தாத்தான் கவலைப்படணும்" என்றார். மாமியாருக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. கேட்டுக்கொண்டாயா என்பது போல என்னைப் பார்த்தார்.

இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். இந்த முறை செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்தது தெரியுமா? அந்த விளக்கு என் கண்ணைக் கூசுகிறதாம். அத்தான் சிரித்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, விளக்கு தெரியாதபடி அந்த மீட்டர்களின் மேல் விரித்துப் போட்டார். "இப்ப சரியாப் போச்சா, கேளும்மா" என்று என்னைக் கேட்கச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தை அப்படியே விழுங்கிக்கொண்டு சான்றிதழ்ப் பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

சிறிது நேரத்தில் முன்னாலிருந்து டக் டக் என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. தீய்ந்த வாடையும் வந்தது. மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வயலில் எதையோ கொளுத்துகிறார்கள் என்றார். இரண்டு பக்கமும் நாற்று நட்டுத் தண்ணீர் கட்டிக் கிடந்தது. அதில் யார் எதைக் கொளுத்துவது? அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. முன்னால் குனிந்து, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல் முறையாக அவரிடம் நேராகப் பேசினேன்.

"அத்தான், வண்டிய நிறுத்துங்க. இன்ஜின்ல எண்ணெய் இல்ல."

அவருடைய பிடரி விறைத்ததைப் பார்த்தேன். இன்ஜின் போட்ட சத்தம் அவர் காதில் விழவில்லை, நான் பேசியதுதான் விழுந்தது. "என்னம்மா இது?" என்று தாயாரிடம் கேட்டார். மாமியார் என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். பேசிய என்மேல் இருந்த கோபத்தில் அத்தான் இன்னும் வேகமாக ஓட்டினார். கூப்பிடு தூரம்கூடப் போகவில்லை. கடாமுடா என்று ஒரு சத்தம் போட்டு, கார் உதறிக்கொண்டு நின்றது. சுத்தமல்லி இன்னும் வரவில்லை. கடை, வீடு ஒன்றும் இல்லாத இடம்.

அத்தான் பானெட்டைத் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் மொண்டு வந்து ரேடியேட்டரில் ஊற்றினார். சாவியைத் திருகித் திருகிப் பார்த்தார். கட்டை மாதிரி கிடந்தது. நான் ரோட்டுக்கு வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றேன். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு நடுரோட்டில் நிற்காதே என்று மாமியார் கத்திக்கொண்டே இருந்தார். முதலில் வந்த பஸ் நிற்கவில்லை. அடுத்த பஸ் வெகுநேரம் கழித்து வந்தது. அதில் படியில் தொற்றிக்கொண்டு போனேன். ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. வாசலில் இருந்த பியூன், "பேர் கூப்பிட்டு முடிஞ்சுதும்மா, ஆபீசரும் கிளம்பிட்டாங்க" என்றார். கெட்டவராகத் தெரியவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அந்தப் படியில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன்.

வீட்டுக்குத் திரும்பினால், டிராக்டரில் கட்டி இழுத்து வந்த கார் வாசலில் நிற்கிறது. தெருவே வந்து துக்கம் விசாரித்துக்கொண்டிருக்கிறது. காருக்கு! போன காரியம் என்ன ஆயிற்று என்று என்னை ஒரு ஆள் கேட்கவில்லை. புறப்பட்ட வண்டியில் இவள் வாயை வைத்தாள், முறையை மீறிப் பேசினாள், அதனால்தான் இப்படி என்று மாமியார் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மெக்கானிக் வந்தார். அடியில் எண்ணெய் ஒழுகித் தீர்ந்து, இன்ஜின் இறுகிப்போய்விட்டது என்றார். காப்பி கொண்டுபோன நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் அத்தானிடம், "அண்ணாச்சி, சிவப்பு லைட்டு எரிஞ்சிருக்குமே. உடனே ஆஃப் பண்ணியிருந்தா எண்ணெய் ஊத்தி ஓட்டிட்டுப் போயிருக்கலாம்" என்றார்.

"எரியவே இல்லவே" என்றார் அத்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியானால் பல்பு போயிருக்கும் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார். இன்ஜின் வேலை முடித்துக் காரைக் கொண்டுவந்து விட்டபோது, நன்றாக எரிந்துகொண்டிருந்த அந்தப் பல்பையும் மாற்றிப் புதிதாகப் போட்டிருந்தார்.

அந்த மாதம் வந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, அண்ணனிடம் நீ நேரில் பேசியிருக்க வேண்டாம் என்றார்.

அடுத்த அழைப்பு வருவதற்குள் எனக்கு வயது கடந்துவிட்டது. வீட்டிலேயே டியூஷன் எடுத்தேன். என்னிடம் படித்த பெண்கள் சிலர் இப்போது அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர்கள். நேரில் பார்த்தால் சந்தோஷமாகத்தான் பேசுகிறேன். வீட்டுக்கு வந்த பிறகு அன்றைக்குச் சோறு இறங்குவதில்லை. பொறாமை என்று சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தானுக்கு இப்போது வயதாகிவிட்டது. கல்யாண வீடுகளில் நாலு பேர் கூடினால், "இவ பேசுனா, வண்டி நின்னுட்டு" என்று இன்றும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறார். எல்லாரும் என் பக்கம் திரும்பிச் சிரிக்கிறார்கள். பழையதை மறந்து மன்னித்துவிடு என்று உறவில் சிலர் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். மன்னிக்கிறேன், எனக்கென்ன. ஆனால் அதற்கு முன்னால் அவர் ஒரே ஒருமுறை, யாரும் இல்லாத இடத்திலாவது, அந்த விளக்கு எரிந்தது என்று என்னிடம் நேராகச் சொல்லட்டும்.