பத்துக்குப் பன்னிரண்டா, பதினாறுக்கு இருபதா

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட் சும்மா கிடந்தது. சும்மா என்றால் ஒரு கிணறு, இரண்டு தென்னை, ஒரு கறிவேப்பிலை மரம், கழிவுத் தொட்டியின் மூடி. அங்கே என் அப்பாவுக்கு ஒரு சின்ன வீடு கட்டுவது என்று முடிவானது. எவ்வளவு சின்னது என்பதில்தான் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நாலு மாதம் இழுபறி.

அப்பா திருநெல்வேலியில் தனியாக இருந்தார். அம்மா போன பிறகு காலையில் ஓட்டல் இட்லி, மத்தியானம் ஓட்டல் சோறு, ராத்திரிக்கு இரண்டு பழம். அந்த மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர் வந்து தூக்கும்வரை அங்கேயே கிடந்திருக்கிறார். எனக்கு அது தெரிந்தது பதினைந்து நாள் கழித்து. கேட்டால், "சொல்லுத அளவுக்கு அடி இல்லட்டி" என்றார். நான் அவருக்கு ஒரே பிள்ளை. அன்றைக்கு ஆபீஸ் போனில் நான் போட்ட கத்தலில் என் மேலதிகாரி எழுந்து வெளியே போய்விட்டார்.

பிரச்சினை என்னவென்றால், பெண் கொடுத்த வீட்டில் அப்பன் தங்கக் கூடாது என்பது அப்பாவின் கட்சி. வருவார், காப்பி குடிப்பார், பொழுது சாயும் முன்னே கிளம்பிவிடுவார். எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் ஒரு ராத்திரிகூட எங்கள் வீட்டில் தலை சாய்த்ததில்லை. காப்பிக்கு மட்டும் எப்படி விலக்குக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதையும் நிறுத்திவிடுகிற ஆள்.

அதனால் நான் ஒரு கணக்குப் போட்டேன். தனி வாசல், தனி அடுப்பு இருந்தால் அது அவர் வீடு. அடுப்பு இல்லாவிட்டால் அது என் வீட்டின் ஓர் அறை, கொஞ்சம் தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான். அந்த அறைக்கு அவர் வரமாட்டார். ஆகவே படுக்கையறை, குளியலறை, சமையலறை, முன்பக்கம் ஒரு சின்னக் கூடம். பதினாறுக்கு இருபது அடி.

என் வீட்டுக்காரர் நாஞ்சில் நாட்டுக் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்த மலையாளத்து ஊரில்தான். அவருக்குப் பத்துக்குப் பன்னிரண்டு போதும்.

"ஒரு ஆளுக்கு அது தாராளம் கேட்டியா. சாப்பாடு நம்ம அடுக்களையில இருந்து போவும். வயசான மனுசன் தனியா கேஸப் பத்த வச்சு என்னத்துக்கு?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் என் அளவுக்குக் கட்டினால் ஒரு தென்னையை வெட்ட வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. அது வருஷத்துக்கு ஒன்பது தேங்காய் காய்க்கும் தென்னை. அதில் நாலு எங்கள் ஓட்டின் மேல் விழும். அதற்குப் போய் இத்தனை பாசம்.

ஒருநாள் அவரே இறங்கி வந்தார். "செரி, பெருசாவே கெட்டுவோம். பின்னாடி கழக்கூட்டத்துல கம்ப்யூட்டர் வேல பாக்குற பயலுவளுக்கு வாடகைக்கு விடலாம்லா" என்றார்.

"பின்னாடின்னா எப்போ?" என்று கேட்டேன்.

என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அன்றைக்கு அவர் ஏற்கெனவே குளித்திருந்தார்.

அப்பாவிடம் நான் போனில் சொன்னது இவ்வளவுதான்: "வீட்டுக்குப் பின்னால ஒண்ணு கட்டுதோம். வந்து பாருங்க." அவர், "பாக்கலாம்" என்றார். ஆனால் சனிக்கிழமை வந்துவிட்டார்.

அதற்குள் மேஸ்திரி என் அளவுப்படி தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருந்தார். கல்லாறு பக்கத்துக்காரர், மலையாளம் தவிர வேறு பேசமாட்டார். அப்பாவுக்குத் தமிழ் தவிர வேறு வராது. இருவரையும் பின்பக்கம் விட்டுவிட்டு நான் காப்பி போட உள்ளே போனேன். திரும்பி வந்தபோது, மேஸ்திரி கைகாட்டக் கைகாட்ட, அப்பா கோட்டுக்குள் அறை அறையாக நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், கதவு வர வேண்டிய இடைவெளி வழியாகச் சுற்றி வெளியே வந்தார். கோட்டைத் தாண்டவில்லை. அதை ஒரு வீடாகவே எடுத்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். அவர் காப்பியைக் குடித்துவிட்டு மூன்று மணிக்குத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தார்.

திங்கட்கிழமை ஆபீசிலிருந்து வந்து பின்பக்கம் போய்ப் பார்த்தால், கோடு சுருங்கியிருந்தது. கூடத்தைக் காணோம். சமையலறை இருந்த இடத்தில் பக்கத்து வீட்டுக் கோழி கிளறிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி சாதாரணமாகச் சொன்னார்: "அச்சன் இவிடெ தாமசிக்கில்லல்லோ சேச்சி. தாமசம் உண்டோன்னு ஞான் நேரிட்டு சோதிச்சதா. தாமசம் ஒந்நும் இல்லா, போகும்னு பறஞ்சு." இங்கே இருப்பாரா என்று அப்பாவிடமே நேரில் கேட்டாராம். மாட்டேன், போய்விடுவேன் என்றாராம்.

என் வீட்டுக்காரர் மெதுவாக, "அவரே மாட்டேன்னு சொன்ன பெறவு பெருசா எதுக்கு?" என்றார். குரலில் வெற்றி எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பெற்ற பெண்ணிடம் சொல்லாத ஒன்றை, முன்பின் தெரியாத மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறாரே என்றுதான் பொறுக்கவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு போன் போட்டேன்.

"வரமாட்டேன்னா என்கிட்ட சொல்லப்பிடாதா? மேஸ்திரிகிட்டயா சொல்லணும்?"

"என்னத்தட்டி சொன்னேன்?"

"தாமசிக்க மாட்டேன்னு."

"ஆமா. தாமசம் உண்டோன்னு கேட்டான். தாமசம்லாம் ஆகாது, நாலு மணி பஸ்ஸுக்குப் போயிருவேம்னேன். அதுல என்ன தப்பு? பஸ்ஸும் டாண்ணு நாலு மணிக்கு எடுத்துட்டாம்லா."

எங்கள் ஊரில் தாமசம் என்றால் நேரமாவது. இந்த ஊரில் தாமசம் என்றால் குடியிருப்பது. பதினோரு வருஷம் இங்கே தாமசித்ததில் நான் முதல் அர்த்தத்தை மறந்தே போயிருந்தேன்.

"அப்பா, அவன் நேரமாகுமான்னு கேக்கல. இங்க வந்து இருப்பீங்களான்னு கேட்டிருக்கான்."

லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை அலோ சொன்னேன்.

"அப்படியா கேட்டான்?" என்றார்.

"ஆமாப்பா."

"நீங்க ஒருத்தரும் அப்படிக் கேக்கலியேட்டி."

உண்மைதான். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி எந்த உயரத்தில் வேண்டும், மதிலிலிருந்து எத்தனை அடி விட வேண்டும், ஜன்னல் கிணற்றுப் பக்கமா தென்னைப் பக்கமா என்று நாலு மாதமாக ஊரெல்லாம் கேட்டிருந்தேன். அவரைக் கேட்கப் பயம். மாட்டேன் என்றால் என்ன செய்வது?

"இங்க வந்து இருப்பீங்களாப்பா?"

"அடுப்பு உண்டுல்லா?"

"உண்டு" என்றேன். கோழி கிளறிய இடத்தில் அதைத் திரும்பப் போட்டுவிடலாம்.

"அந்த முன்கூடம்?"

"அதை எடுத்துட்டாங்கப்பா. பத்துக்குப் பன்னெண்டுன்னு சின்னதாக்கிட்டாங்க."

"எடுக்கக் கூடாதுன்னு சொல்லு. எனக்கு ஒரு கட்டில் போட எடம் போதும். ஆனா பொம்பளப் பிள்ள அப்பன் வீட்டுக்கு வந்தா, ஒரு ராத்திரி தங்க வைக்காம எப்படிட்டி அனுப்புவேன்?"