கூரையில் ஏறிய வத்தாளை

கொழும்பைப் பார்த்துவிட்டு வந்த திமிரில், எங்கள் வீட்டின் பெரிய அறைக்கு ஓட்டைக் கழற்றித் தட்டையாகக் கொங்கிறீற் கூரை போடுவித்தவன் நான்தான். உள்ளே மின்விசிறி சுற்றியவரை என் அறிவுக்கு மரியாதை இருந்தது. தொண்ணூறில் சண்டை மூண்டு மின்சாரம் நின்றது. விசிறி வௌவால்போலத் தொங்கியது. மரியாதை விழுந்துவிட்டது.

பகல் முழுக்க வெயிலைக் குடித்த கொங்கிறீற், பொழுதுபட்டதும் அதை எங்கள்மேல் கக்கும். மனைவி பாயைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனாள்.

"இது அறையில்லை, பாண் சுடுற போறணை. சித்திரைக்கு முன்னம் குளிரப் பண்ணுங்கோ. இல்லாட்டி மேசனைக் கூப்பிட்டு உடைச்சு, திரும்ப ஓடு போடுவிப்பன்."

சொன்னால் செய்வாள். என் வாழ்நாளின் ஒரே சாதனை கல்லும் தூளுமாகப் போகவிருந்தது.

யோசனை பங்கருக்குள் வந்தது. ஒருநாள் குண்டு போட வந்த பொம்மர் வானத்தில் இரைய, எல்லோரும் முற்றத்தில் வெட்டிய பங்கர் குழிக்குள் இறங்கினோம். மேலே பனங்குற்றி, அதன்மேல் மண், மண்மேல் தானாக முளைத்த புல். உள்ளே என்ன குளிர்ச்சி! பொம்மர் போய், மற்றவர்கள் ஏறிய பிறகும் நான் இருந்தேன். "ஆள் பயந்துபோனார்" என்று மனைவி வெளியில் நின்று அயலுக்கு விளக்கம் கொடுத்தாள். நான் ஆராய்ச்சியில் இருந்தேன். கொஞ்சம் பயமும்தான்.

பங்கரின் தலையை வீட்டுக்குச் சூட்டுவதென்று முடிவெடுத்தேன். உரப்பைகளைப் பிரித்து விரித்து, மேலே செம்மண் பரப்பி, வத்தாளை என்கிற சர்க்கரைவள்ளிக் கொடி நட்டேன். கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஏணியில் ஏற்றினேன். தெருவால் போனவர்கள் சைக்கிளை நிற்பாட்டி, "அண்ணை, உழவு மெசின் எப்பிடி மேலை ஏத்தப்போறியள்?" என்று கேட்டார்கள்.

கொடி படர்ந்து கூரையை மூடியது. பங்குனி வெயிலிலும் அறைக்குள் மூச்சுவிட முடிந்தது. மனைவி ஒரு காலை மட்டும் உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்றாள். பாயும் உள்ளே வந்தது.

மறுநாளே பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தபாலதிபர் படலையைத் திறந்தார்.

"தம்பி, உந்தக் கொடியைப் பிடுங்கும்."

"ஏன் அண்ணை?"

"பச்சையாய் மூடிக் கிடந்தா, பொம்மரிலை வாறவனுக்கு உது வீடு மாதிரியே தெரியும்? மறைச்சு வைச்ச இயக்கக் காம்ப் எண்டு நினைப்பான். உமக்குப் போடுற குண்டு என்ரை வீட்டிலை விழும்."

"வீடெண்டு தெரிஞ்சாப் போடமாட்டானோ?"

அவர் ஒருமுறை வானத்தைப் பார்த்தார். "அது வேறை கதை."

மனைவி இடையில் புகுந்தாள். "பிடுங்கினா நான் திரும்ப விறாந்தையிலை கிடக்கோணும். ஏலாது. குடும்ப வீடெண்டு காட்டினாச் சரிதானே?" உள்ளே போய்த் தன் சேலைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். "இஞ்சாருங்கோ, ஏறி மேலை காயப்போடுங்கோ. சிவப்பை நடுவிலை."

மேகத்துக்குள் பறப்பவன் எங்கள் சேலைக்கரையைக் கண்டு, பெண்பிள்ளைகள் இருக்கிற வீடென்று கூச்சப்பட்டுத் திரும்புவான். இதுதான் எங்கள் பாதுகாப்புத் திட்டம். இதைவிட நல்ல திட்டம் வேறு யாரிடமும் இருக்கவில்லை.

திட்டத்தைப் பரிசீலிக்கத் தபாலதிபர் அறைக்குள் வந்து சாய்மனைக் கதிரையில் சாய்ந்தார். பரிசீலனை நடுவில் குறட்டையாக மாறியது. பின்னேரம் எழும்பி, "கிழங்கு விளைஞ்சாப் பிறகு பிடுங்கலாம்" என்று தீர்ப்பளித்தார்.

அடுத்தநாள் மத்தியானம் அவருடைய மனைவி தலையணையோடு வந்தார். "இஞ்சை நல்ல குளிர்ச்சியாமெல்லே, இவர் சொன்னவர்." பெண்கள் இருவரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். தபாலதிபரும் நானும் விறாந்தையில் பனையோலை விசிறியோடு புரண்டோம்.

"தம்பி," குரல் இறங்கியிருந்தது, "எங்கடை கூரைக்கும் கொஞ்சம் மண் ஏத்தேலாதே?"

"உங்கடை ஓடெல்லே அண்ணை. தாங்காது."

கொங்கிறீற் போட்ட நாள்முதல் இப்படி ஒரு வசனம் சொல்லக் காத்திருந்தேன். முகத்தில் வந்த சந்தோசத்தை அவர் காணாதபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.