பக்கத்து சீட்டின் ஈரம்

லாண்ட்ரி அக்காவின் மூக்கு ஊரறிந்த மூக்கு. ஓட்டல் படுக்கை விரிப்பைக் கையில் எடுத்த மாத்திரத்தில் இது காபி, இது தைலம், இது மாத்திரை கலந்த வாந்தி என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு ஈரத்தில் ஏமாந்து போனாள். அதுவும் தன் சொந்த வண்டிக்குள்ளேயே.

வண்டி என்றால், இரண்டு கை மாறி மூன்றாவதாக அவளிடம் வந்த பழைய வேன். வாங்கிய மூன்றாம் மாதமே சனி பிடித்தது. இன்ஜினைக் குளிர வைக்கிற பச்சைக் கூலன்ட்டைக் காலையில் நிரப்பினால் மறுநாள் அரை லிட்டர் குறைந்திருக்கும். எங்கே போகிறது? கடவுளுக்கே வெளிச்சம். வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்தாள், ஒரு சொட்டு இல்லை. மெக்கானிக் ரேடியேட்டரைத் தட்டினார், ஹோஸைப் பிசைந்தார், மூடியை மாற்றினார்.

"கீழ ஒழுகலைன்னா இன்ஜினுக்குள்ள போகுதுன்னு அர்த்தம். அப்படி இருந்தா இன்ஜினையே இறக்கணும்மா. இப்போதைக்கு மேடு ஏறும்போது ஹீட்டரைத் திறந்துக்கோ. சூடு கொஞ்சம் வண்டிக்குள்ள வந்துடும், இன்ஜின் தப்பிக்கும்."

அன்றிலிருந்து அவள் கண் பாதி ரோட்டில், பாதி சூடு காட்டும் முள்ளில். முள் ஒரு நூல் ஏறினாலும் உடனே ஹீட்டரைத் திறப்பாள். வேர்த்து ஊற்றும்.

"என்னம்மா, என்னை அவிச்சே எடுத்துடுவ போலிருக்கே" என்பார் பக்கத்து சீட்டில் இருக்கும் மாமனார்.

அவர் ரயில் கார்டாக இருந்தவர். முப்பது வருஷம் பச்சைக்கொடி காட்டியவர். சர்க்கரை வியாதி போதாதென்று முதுகெலும்பில் ஆபரேஷன் வேறு. அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி மட்டம். வீட்டில் தனியே விட்டால் விழுந்து வைப்பாரே என்று கூடவே அழைத்துப் போவாள். எந்த மூட்டை எந்த ஓட்டலுக்கு என்று சொல்வது அவர் வேலை. ஒரு தலையணை உறை மாறினாலும் மனுஷர் விடமாட்டார்.

ஒருநாள் அவரை இறக்கும்போது கறுப்புக் காலுறையும் பேன்ட் ஓரமும் நனைந்திருந்தன. கால்மிதியில் குட்டை போல ஈரம், லேசாகத் தித்திப்பு வாடை. டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், "ஒண்ணுக்கு அவருக்கே தெரியாம போயிடலாம்" என்று. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அட, கறையிலேயே பிழைப்பு நடத்துகிறவளே! ஒரு நிமிஷம் குனிந்து பார்த்திருக்கக் கூடாதா? முழங்காலுக்கு மேலே பேன்ட் காய்ந்துதானே கிடந்தது? பார்க்கவில்லை. மாமனார் ஆயிற்றே, கூச்சம். மூச்சைப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பினாயிலை ஊற்றிக் கழுவினாள். மறுநாள் சீட்டில் பிளாஸ்டிக் ஷீட் விரித்தாள். அவர் அதன்மேல் உட்கார்ந்தார்.

அதோடு அவர் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார். "தாகமே இல்லம்மா" என்பார், உதடு வெடித்துக் கிடக்கும். அடுத்த வாரமே ஓட்டல் வாசலில் தலைசுற்றிச் சாய்ந்தேவிட்டார்.

கப்பலில் வேலை பார்க்கும் கணவன் போனில் கத்தினான். "வண்டியையும் அப்பாவையும் உன்னால ஒண்ணா பார்க்க முடியாது. மேட்டுல இருக்கிற முதியோர் இல்லத்துல பேசிட்டேன். வெள்ளிக்கிழமை ஃபாரத்தைக் குடுத்துடு."

அது மாமனார் காதிலும் விழுந்தது. "அவன் சொல்றது சரிதான். நாத்தம் புடிச்ச கிழவனை எத்தனை நாள் இழுத்துட்டு அலைவே?"

வெள்ளிக்கிழமை அவரைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினாள். கையெழுத்துப் போட்ட ஃபாரம் காலி சீட்டில் கிடந்தது. மனசு கனத்தது. மேட்டில் முள் ஏறியது, ஹீட்டரைத் திறந்தாள். கண்ணாடி உள்பக்கம் பனிமூட்டமாக மங்கியது. துடைத்தால் கையில் பிசுபிசுப்பு. ஒரு வளைவில் ஃபாரம் வழுக்கிக் கீழே விழுந்தது.

இல்லத்து வாசலில் வண்டியை நிறுத்தி அதை எடுத்தாள். நனைந்திருந்தது. வெள்ளைத் தாளில் பச்சை.

சீட்டில் ஆளே இல்லை. பிறகு ஏது ஈரம்? கால்மிதியைத் தொட்டாள், சூடு. இந்தத் தடவை மூச்சைப் பிடிக்கவில்லை, நன்றாக முகர்ந்தாள். கூலன்ட்! குனிந்து டார்ச் அடித்தாள். கூலன்ட் ஓடிச் சூடு தரும் ஹீட்டர் பெட்டியின் அடியில் சொட்டுச் சொட்டாகக் கோர்த்து நின்றது. இன்ஜின் சூடாகிவிடுமோ என்று பயந்து அவள் ஹீட்டரைத் திறக்கத் திறக்க, அத்தனையும் அவர் காலடியில் கொட்டியிருக்கிறது.

"ஐயோ, மாமா!" என்று ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். இன்ஜின் ஆறும்வரை அழுதாள். ஆறியதும் தண்ணீர் ஊற்றி, ஹீட்டரை மூடி, வண்டியை வீட்டுக்குத் திருப்பினாள்.

மாமனார் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, அது நீங்க இல்ல, வண்டி! ஹீட்டர் ஒழுகுது."

அவர் சிரித்தார். "என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றே. நல்ல பொண்ணும்மா நீ."

இவரிடம் வாதாடிப் பயனில்லை. கைத்தாங்கலாக அழைத்துப் போய் வேன் கதவோரம் நாற்காலியில் உட்கார வைத்தாள். மிதியைத் துடைத்து, வெளுத்த தலையணை உறை ஒன்றை அதன்மேல் விரித்தாள். இன்ஜினைப் போட்டு ஹீட்டரைத் திறந்தாள்.

ஒன்றுமில்லை. இரண்டு நிமிஷம் ஆகியும் துணி வெள்ளையாகவே இருந்தது. பாழாய்ப்போன வண்டி, இப்போது பார்த்தா மானத்தை வாங்க வேண்டும்? பிறகு ஒரு பச்சைப் பொட்டு விழுந்தது. இன்னொன்று.

அவர் மூட்டைகளை எண்ணுவதுபோல் எண்ணத் தொடங்கினார். ஏழாவது சொட்டில் குரல் உடைந்தது.

"மன்னிச்சிடுங்க மாமா. நான் குனிஞ்சு பார்த்திருக்கணும்."

"நான் மட்டும் பார்த்தேனா? எனக்கும் பயம்" என்றார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, அதை விடு. ஒரு செம்பு தண்ணி கொண்டாம்மா. பெரிய செம்பா."

செம்பை இரண்டு கையாலும் பிடித்து, அண்ணாந்து, மூச்சு விடாமல் குடித்தார். சட்டை முன்பக்கமெல்லாம் நனைந்தது. காலிச் செம்பை நீட்டி, "இன்னொண்ணு" என்றார்.