பாணில் ஒரு சிற்றரசு

டென்மார்க்கில், வைலே நகரத்தில் நான் வேலை செய்த தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய போலந்துக்காரர் ஒருவர் இருந்தார். நரைத்த மீசை, கதவை அடைக்கும் தோள். சாப்பாட்டு நேரத்தில் கறுத்த பாணை முழு ரொட்டியாக மேசையில் வைத்து, போலந்தில் தன் ஊர்ப்பக்கமான சிலேசியாவை முந்தி ஆண்ட சிற்றரசர்களைத் திட்டத் தொடங்குவார்.

"இவ்வளவு பெரிய நாட்டை அந்த விசர் ராசா தன்ர மூண்டு பெடியளுக்கும் பிரிச்சுக் குடுத்திட்டான்," என்று டேனிஷில் சொல்லிப் பாணை வெட்டுவார். "அவங்கள் தங்கட பெடியளுக்கு." மறுபடியும் வெட்டுவார். கடைசியில் ஒருவனுக்கு ஒரு கோட்டையும் ஒரு சந்தையும்தான் மிஞ்சும்.

எத்தனையோ நூற்றாண்டுக்கு முந்திச் செத்தவர்களை, நேற்றுச் சண்டைபிடித்த சித்தப்பாவைப்போல ஏசுவார். எனக்கு வயிறு எரியும். குடியுரிமைச் சோதனைக்காக டென்மார்க் அரசர்களைப் பாடமாக்கியவன் நான். யாழ்ப்பாணத்து அரசன் ஒருவனையாவது இப்படி உரிமையோடு ஏச எனக்கு என்ன தெரியும்? போதாததற்கு, கோடை விடுமுறையில் அவர் காரை எடுத்துக்கொண்டு போய், அதே கோட்டை வாசலில் இருந்து பியர் குடித்துவிட்டு வருவார்.

ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"உங்கட பக்கம் எப்பிடிப் பிரிப்பினம்?"

"வீடு வளவெல்லாம் பொம்பிளைப் பிள்ளையளுக்குச் சீதனமாப் போகும்."

"அப்ப பெடியளுக்கு?"

"டென்மார்க்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வெட்டிய துண்டுகளில் பெரியதாகப் பார்த்து என் பக்கம் தள்ளினார். பங்கு கொடுக்கவும் இந்த மனிதரிடம் ஒரு நாடு இருக்கிறதே என்று, அதைச் சாப்பிடும்போதும் எனக்கு வயிறு எரிந்தது.