கோழிக்கால் கூடாது

ஜெயலெட்சுமி சின்னம்மாவுக்கு நாளின் முதல் எட்டுதான் மோசமானது. கட்டிலிலிருந்து இறங்கி இடது குதிகாலை ஊன்றியதும், ஆணிமேல் ஏறி நின்றதுபோல் முகம் சுருங்கிவிடும். நான்கு ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, பினாங்கு ஜெலுத்தோங்கில் அவருடைய அடுக்குமாடி வீட்டில் வந்து தங்கிய முதல் காலையிலேயே அதைப் பார்த்தேன். கேட்டதற்குத் தூக்கக் கலக்கம் என்றார்.

சின்னம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பக்கத்துக் கோயிலின் அன்னதானச் சமையற்கட்டில் பதினெட்டு ஆண்டுகளாகச் சமைக்கிறார். சித்தப்பா இறந்த மறுமாதம் காய் நறுக்கப் போனவர், பிறகு வேறெங்கும் போகவில்லை. வெள்ளிக்கிழமை என்றால் முந்நூறு பேருக்குச் சமையல். சமையற்கட்டு கோயில் மதிலுக்கு உள்ளே இருப்பதால் செருப்பு வாசலோடு சரி. காலை ஆறிலிருந்து இரண்டு மணிவரை வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நிற்க வேண்டும்.

வலி தொடங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எருக்க இலையைச் சூடான செங்கல்மேல் வைத்து மிதித்துப் பார்த்தார். சீனர் கடைத் தைலம் ஒவ்வொன்றாகத் தீர்ந்தது. கடைசியில், வலி போகவேண்டும் என்று நாற்பத்தெட்டு நாள் பிராகாரத்தை நூற்றெட்டு முறை வெறுங்காலோடு சுற்றினார். முப்பதாம் நாளுக்குமேல் படியேற முடியவில்லை. அதன் பிறகுதான் அரசு கிளினிக்குக்குப் போனார்.

திரும்பி வந்து, சமையற்கட்டில் கூட வேலை செய்யும் ரூபினியிடம், இமான் என்ற சின்னப் பெண் டாக்டர் பார்த்தாள், கோழிக்கால் கூடாதென்று சொல்லிவிட்டாள் என்றாராம். ரூபினி அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"அக்கா முட்டைகூடத் தொடாத ஆளு. அதுக்கிட்டப் போய் கோழிக்கால் சாப்பிடாதேன்னா? நல்ல டாக்டர்லா."

நானும் சிரித்தேன். கோயிலிலிருந்து நடந்து வரும்போதுதான் உறைத்தது. மலாயில் காக்கி ஆயாம் என்றால் சொல்லுக்குச் சொல் கோழிக்கால். ஆனால் அதற்கு வெறுங்கால் என்று பொருள். வெறுங்காலோடு நிற்காதே என்று இமான் சொன்னதைச் சின்னம்மா அப்படியே தமிழாக்கியிருக்கிறார். பினாங்கில் பிறந்த யாருக்கும் அந்தச் சொல் தெரியாமலிருக்காது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். உறைந்த தண்ணீர் போத்தலைப் பாதத்தடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தெரிஞ்சுதான் சொன்னேன், தனுஜா. உள்ளதைச் சொன்னா வீட்டுல உக்காருங்கக்கான்னு சொல்லுவாங்க. மரியாதையா வேற சொல்லுவாங்க. அப்புறம் நான் எங்க போவேன்?"

இமான் சொன்ன மற்ற எல்லாவற்றையும் அவர் ஒன்று விடாமல் செய்தார். எழுமுன் துண்டைப் பாதத்தில் மாட்டி இழுப்பார். சுவரில் கைவைத்துக் கெண்டைக்கால் நரம்பை நீட்டுவார். வீட்டுக்குள் போடவென்று குதிகால் தடித்த செருப்பு ஒன்றும் வாங்கினார். விடியும்போது கொஞ்சம் தேவலாம் என்பார். மத்தியானம் சிமெண்டுத் தரை அதையெல்லாம் திரும்பப் பிடுங்கிக்கொண்டுவிடும்.

பங்குனி உத்திரத்தன்று நானும் உதவிக்குப் போயிருந்தேன். பத்து மணிக்குச் சாம்பார் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தவர், கரண்டியை விட்டுவிட்டு அடுப்போரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார். தூக்க வந்த ரூபினியின் கையைத் தட்டிவிட்டார். அதற்குள் கோயில் செயலாளர் வயிரவன் வந்துவிட்டார். சின்னம்மா பயந்ததுபோலவே, பணிவாகத்தான் ஆரம்பித்தார்.

"போதுங்கக்கா. இவ்வளவு வருஷம் செஞ்சிட்டீங்க. இனி வந்து சாமி கும்பிட்டுட்டு, சாப்பிட்டுப் போங்க."

சின்னம்மா அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

"வெறுங்காலோட நிக்கக்கூடாதாம், அண்ணே. அதான் வியாதி. கோழிக்கால்னு பொய் சொன்னேன். புதுச் செருப்பு ஒண்ணு இருக்கு, தெருவுல போட்டதே இல்ல. இங்கயே வச்சுக்கிறேன். அடுப்புக்கிட்ட மட்டும் போட்டுக்கட்டுமா?"

ரூபினி இந்தமுறை சிரிக்கவில்லை. வயிரவன் தட்டை எடுத்துச் சாம்பார் அண்டாவை மூடினார். சாமிக்குப் படைக்கிற சோறு இங்கேதானே வேகிறது, நான் ஒருத்தன் சொல்ல முடியாது, செயற்குழுவில் கேட்டுச் சொல்கிறேன் என்றுவிட்டுப் போனார்.

சின்னம்மா மூன்று நாள் காத்திருந்தார். நான்காம் நாள் அந்தச் செருப்பை மஞ்சள் தண்ணீரில் கழுவித் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அடுப்படியில் தாளைப் பிரித்துப் போட்டுக்கொண்டார். ரூபினி செருப்பைப் பார்த்தாள், சின்னம்மாவைப் பார்த்தாள். பிறகு பருப்பு வெந்துவிட்டதா பாருங்கக்கா என்று கரண்டியை நீட்டினாள்.

அன்றைய பந்தியில் வயிரவன் இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கினார். சமையற்கட்டுப் பக்கம் மட்டும் வரவில்லை.

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. வலி பாதிதான் குறைந்திருக்கிறது என்கிறார். செயற்குழு இரண்டு முறை கூடியது. அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லையாம். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. வாசலில் யார் நிழல் தெரிந்தாலும் சின்னம்மா கிளறுவதை நிறுத்தாமலே கால்கள் இரண்டையும் சேலைக்குள் இழுத்துக்கொள்கிறார்.